அப்பாவின் பழைய டிராக்டரில் ஜெனரேட்டர் ஓட்டிய அனுபவம்

எங்கள் அப்பா டிராக்டரைக் காதால் ஓட்டுகிறவர். உழும்போது கலப்பை நாலு விரல்கடை கூடுதலாக இறங்கிவிட்டால் எஞ்சின் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு கை தானாக லிவருக்குப் போகும், மீட்டர் பக்கம் கண் போகவே போகாது. 1980களில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர், 35 எச்.பி. வகை. அந்த வண்டியில்தான் இப்போது பத்து வருஷத்துக்கு மேலாக எங்கள் கோழிப் பண்ணைக்கும் வீட்டுக்கும் கரண்ட் இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். காதை மட்டும் நம்பி டிராக்டர் ஓட்டலாம், கரண்ட் எடுக்க முடியாது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில நேரம் நஷ்டப்பட்டு, தெரிந்துகொண்டேன். பழைய டிராக்டர் கையில் இருக்கிறது, ஒரு ஆல்டர்னேட்டர் (சுற்றினால் கரண்ட் கொடுக்கும் மெஷின்) வாங்கி மாட்டிவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரம். இரண்டு ஷெட், ஒரு தடவைக்கு 2000 குஞ்சு இறக்குவோம். 2012இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும், எங்கள் பக்கமெல்லாம் கரண்ட் இருக்கும் நேரத்தை எண்ணுவது சுலபம், இல்லாத நேரம்தான் அதிகம். பெரிய கோழிக்குக்கூட ராத்திரி கரண்ட் போனால் சமாளிக்கலாம். இறக்கி இரண்டு நாள் ஆன குஞ்சுக்கு முடியாது. முதல் வாரம் புரூடருக்குள் (குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் தடுப்பு) 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், அதற்குக் குஞ்சுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு போடுவோம். பல்பு அணைந்தால் குளிருக்குக் குஞ்செல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடைந்துகொள்ளும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்தக் கார்த்திகை மாசம் ஒரே ராத்திரியில் 140 குஞ்சு அப்படிப் போனது. கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே கொண்டுபோகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. விடியற்காலையில் அவற்றைக் கூடையில் அள்ளும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே நான் ஆல்டர்னேட்டர் தேடிக் கிளம்பிவிட்டேன்.

தனியாக ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்குவதுதான் முதல் யோசனை. கையில் இருந்த பணத்துக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணம், கோவில் கொடைக்கு சீரியல் லைட் போடுகிறவர்கள் டிராக்டருக்குப் பின்னால் ஆல்டர்னேட்டர் மாட்டி ஓட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம், அந்த வழியைப் பிடித்தேன். சிம்மக்கல் பக்கம் இரண்டு நாள் அலைந்து, பழையது ஒன்று கிடைத்தது: 15 கே.வி.ஏ., மூன்று பேஸ், கார்பன் வைத்த மாடல், கூடவே கியர்பாக்ஸும் டிராக்டரில் தூக்கி மாட்டுகிற இரும்புச் சட்டமும்.

வாங்குவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது. 15 கே.வி.ஏ. என்றால், அதில் உண்மையில் வேலை செய்கிற பங்கை (பவர் ஃபாக்டர்) 0.8 என்று வைத்தால் 12 கிலோவாட். ஆல்டர்னேட்டரிலும் கியரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் டிராக்டர் பின்பக்கம் எஞ்சினால் சுற்றுகிற பி.டி.ஓ. தண்டில் சுமார் 20 எச்.பி. வேண்டும். வயதான 35 எச்.பி. வண்டி அதைத் தாங்கும். 25 கே.வி.ஏ. மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார், வாங்கியிருந்தால் முழு லோடு ஏறுவதற்குள்ளேயே எஞ்சின் மூச்சு வாங்கியிருக்கும். பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டினால் பெரிய கரண்ட் வராது, எஞ்சின் தள்ளுகிற அளவுதான் வரும்.

அப்புறம் வேகம். இதுதான் அப்பாவுக்கும் எனக்கும் நடந்த நீண்ட வாக்குவாதம். நம் நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அலையடிக்கும். நான்கு போல் (காந்த முனை) உள்ள ஆல்டர்னேட்டர் அதைக் கொடுக்க நிமிஷத்துக்கு 1500 சுற்று வேண்டும். டிராக்டர் பி.டி.ஓ. 540 சுற்று. நடுவில் இருக்கும் கியர் ஒன்றுக்கு 2.78 மடங்கு ஏற்றிக்கொடுக்கிறது, 540ஐ அதால் பெருக்கினால் 1500 வந்துவிடும். ஆக எஞ்சினை அந்த 540 வருகிற வேகத்தில் பிடித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் அந்த அவ்வளவுதான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் அப்பா எஞ்சின் வேகத்தை ஏற்றுகிற கைலிவரைத் தள்ளி, காதைக் கொடுத்து, "இந்தா, இதுதான் சரியான வேகம், கேளு, எஞ்சின் சுகமா ஓடுது" என்றார். எஞ்சின் சுகமாகத்தான் ஓடியது. எலக்ட்ரீசியன் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 44 ஹெர்ட்ஸ் இருந்தது.

44இல் பல்பு எரியும். அதனால்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஆனால் ஃபேன் மோட்டாரும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் அந்த வேகத்தில் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும், ஆல்டர்னேட்டரும் வோல்ட்டேஜைப் பிடித்துவைக்கச் சிரமப்படும். அதோடு பழைய எஞ்சினில் வேகத்தைப் பிடித்துவைப்பது மெக்கானிக்கல் கவர்னர், லோடு ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது கோளாறு இல்லை, அதன் சுபாவமே அப்படி. அதனால் நான் லோடு இல்லாமல் ஓடும்போதே 52 ஹெர்ட்ஸில் வைத்துவிடுவேன். பல்பெல்லாம் ஏறியதும் 50 பக்கம் வந்து நிற்கும். மோட்டாரும் சேர்ந்தால் 49. எப்போதும் 48க்குக் கீழே விடுவதில்லை. 48 என்றால் பி.டி.ஓ. 518 சுற்றுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஹெர்ட்ஸ் மீட்டர் பெரிய விலை இல்லை, ஜெனரேட்டர் போர்டில் அதுதான் முதலில் இருக்க வேண்டிய சாமான். ஆம்ஸ் மீட்டர்கூட அப்புறம்தான்.

கைலிவர் பற்றி ஒன்று. வயசான வண்டியில் லிவரின் உராய்வுத் தகடு தேய்ந்திருக்கும். உழும்போது அது தெரியாது, கை பக்கத்திலேயே இருக்கும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தால் லிவர் நூல் நூலாகப் பின்னால் நழுவும். ராத்திரி ஒன்பது மணிக்கு 50இல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்து, பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தால் 46. ஒரு போல்ட்டும் இரட்டை நட்டும் வைத்து லிவரைப் பூட்டிய பிறகுதான் அது நின்றது. இதைச் செய்யாமல் யாரும் டிராக்டரை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

சரி, இப்போது எனக்கு நடந்த பெரிய நஷ்டத்துக்கு வருகிறேன். ஹெர்ட்ஸ் மீட்டர், வோல்ட் மீட்டர் இரண்டும் போர்டில் மாட்டியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் ஓட்டுவேன். வீட்டு லைன் ஒரு பேஸில், புரூடர் பல்பு மற்ற இரண்டு பேஸில் பதினைந்து பதினைந்தாகப் பிரித்திருந்தோம். ஒருநாள் சாயங்காலம் மழை, கரண்ட் போய்விட்டது, டிராக்டரைப் போட்டேன். 50 ஹெர்ட்ஸ், 415 வோல்ட், எல்லாம் சரி. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தால் பல்பும் எரிகிறது, கொஞ்சம் மங்கல் போலத் தோன்றியது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கழித்து வீட்டிலிருந்து என் மகள் ஓடிவந்து, "அப்பா, ட்யூப்லைட் ரொம்ப வெள்ளையா எரிஞ்சு டப்புனு போயிருச்சு, ஃப்ரிட்ஜ் பக்கம் கருகுற வாடை வருது" என்றாள். ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் டிவி, ஃப்ரிட்ஜ், இரண்டு சார்ஜர் எல்லாம் போயிருந்தன.

காரணம் நியூட்ரல், மூன்று பேஸுக்கும் பொதுவாகத் திரும்பிவரும் ஒயர். ஆல்டர்னேட்டர் பெட்டியில் நியூட்ரல் ஒயரின் நட்டு அதிர்வில் தளர்ந்து கழண்டுவிட்டது. மூன்று பேஸில் நியூட்ரல் போனால், மூன்று பக்கமும் இருக்கும் லோடு தங்களுக்குள் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு அதிகமுள்ள பக்கம் குறைவாக, லோடு குறைந்த பக்கம் அதிகமாக. பல்பு இருந்த இரண்டு பேஸிலும் சுமார் 210 வோல்ட், அதனால்தான் மங்கல். வீட்டில் இரண்டு லைட்டும் ஒரு ஃப்ரிட்ஜும்தான் ஓடியது, அந்தப் பேஸில் 300க்கு மேல் ஏறிவிட்டது. போர்டில் இருந்த வோல்ட் மீட்டர் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் பார்ப்பது, அதற்கு நியூட்ரல் கழண்டது தெரியவே தெரியாது, அது 415 என்று நல்லபடியாகவே காட்டிக்கொண்டிருந்தது. அப்பா காதை நம்பியது போல நான் அந்த மீட்டரை நம்பிவிட்டேன். மீட்டர் எந்த இரண்டு முனைக்கு நடுவில் நிற்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள்: ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தனித்தனியாக மூன்று சின்ன வோல்ட் மீட்டர் போட்டேன். எல்லா முனையிலும் ஸ்பிரிங் வாஷர் வைத்து லக் அடித்து முறுக்கினோம். டிராக்டர் மேல் நிற்கிற எந்த மின் இணைப்பும் அதிரும் என்பதால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பானரை எடுத்து எல்லா நட்டையும் ஒரு சுற்று பார்க்கிறேன். வீட்டு லைனுக்கு வோல்ட்டேஜ் கூடினால் தானாகக் கட் ஆகிற ஒரு ரிலேயும் போட்டாயிற்று. டிவி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்ச் செலவில் கால் பங்குகூட அதற்கு ஆகவில்லை. எர்த் குழி இரண்டு, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம், நியூட்ரல் அதில் சேர்ந்திருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடம்பும் டிராக்டர் சேஸும் தனியாக எர்த்துக்குப் போகின்றன, ஏனென்றால் டயர் ரப்பர், அதன் மேல் நிற்கிற வண்டி தானாக எர்த் ஆகாது.

இதைவிடப் பெரிய விஷயம், வீட்டு லைனை மெயினுக்கோ ஜெனரேட்டருக்கோ மாற்றிப் போடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஜெனரேட்டர் ஒயரை ஒரு பிளக்கில் செருகி ஓட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் வீட்டிலிருந்து போகிற கரண்ட் லைனில் ஏறினால் தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி 11,000 வோல்ட்டாக மாற்றிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன் பக்கம் பின் பக்கம் தெரியாது. லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறுகிற ஒயர்மேன் கையில்தான் அது இறங்கும். மெயின் லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி, மூன்று பேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற நாலு போல் சேஞ்ச் ஓவர் போடுங்கள். அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் மாட்டட்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதிலாவது குறைக்கலாம், இதில் மட்டும் கூடாது.

பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். 540 சுற்று என்றால் பார்க்க மெதுவாகச் சுற்றுவது போல இருக்கும், உண்மையில் ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ முந்தானையோ பட்டால் ஒரு நொடியில் இரண்டு மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும், மனுஷன் கையை எடுப்பதற்கு நேரம் கிடையாது. பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் தோள்பட்டை போனது. பழைய வண்டிகளில் மூடி எங்கேயோ கழட்டிப் போட்டிருப்பார்கள். நான் தகரத்தில் ஒரு கூடு அடித்து, சுற்றிலும் கம்பித் தடுப்பும் வைத்திருக்கிறேன். ஓடும்போது அந்தப் பக்கம் யார் போனாலும் அப்பா சத்தம் போட்டுவிடுவார், வந்திருப்பது சம்பந்தியாக இருந்தாலும் சரி.

ஸ்டார்ட் பண்ணும் முறைக்கு வருகிறேன். எங்கள் வண்டியில் ஒரே கிளட்ச்தான். எஞ்சினைப் போட்டு ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக்கையும் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, குறைந்த வேகத்திலேயே கிளட்சை அழுத்தி பி.டி.ஓ. லிவரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் நல்ல கனம், அதையும் 2.78 மடங்கு வேகத்தில் சுற்ற வைக்க வேண்டும். அதிக வேகத்தில் வைத்துப் பட்டென்று விட்டால் தண்டோ கியரோ ஏதாவது ஒன்று போகும். சுற்றத் தொடங்கியதும் கைலிவரை ஏற்றி 52க்குக் கொண்டுவந்து, மூன்று வோல்ட் மீட்டரையும் பார்த்து, அதற்குப் பிறகுதான் சேஞ்ச் ஓவரைப் போடுவேன். நிறுத்தும்போது தலைகீழ், முதலில் லோடை இறக்கு, பிறகு வேகத்தைக் குறை. லோடோடு வேகத்தைக் குறைத்தால் மோட்டார்கள் திணறும்.

மோட்டார் என்றதும் போர்வெல். எங்களிடம் இருப்பது 5 எச்.பி. சப்மெர்சிபிள். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான், ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதைப் போல ஆறு மடங்கு இழுக்கும். நம் 15 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது பேஸுக்கு 20 ஆம்பியர் சொச்சம்தான். பல்பெல்லாம் எரியும்போது மோட்டாரைப் போட்டால் வோல்ட்டேஜ் சரிந்து, ஸ்டார்ட்டர் பிடிக்காமல் டகடகவென்று அடிக்கும். அதனால் மோட்டார்தான் முதலில், அது ஓடி நிலைக்கு வந்த பிறகுதான் பல்பும் ஃபேனும். இன்னொன்று, முதல் தடவை மோட்டார் போட்டபோது தண்ணீர் கால்வாசிதான் வந்தது, போர் வற்றிவிட்டதோ என்று பயந்தே போனோம். பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் பழையபடி பாய்ந்தது. ஒயருக்கு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று டேப் சுற்றி வையுங்கள்.

ஆல்டர்னேட்டரை ஆறு மாசம் சும்மா போட்டுவிட்டால் சில நேரம் கரண்டே உற்பத்தி ஆகாது, நன்றாகச் சுற்றும், மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும். உள்ளே மிச்சமிருக்கும் காந்தம் வற்றிவிடுவதால் வருவது அது. உள்ளே காந்தம் உண்டாக்கும் ஃபீல்டு சுருளுக்கு 12 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டினால் எழுந்துகொள்ளும், ஆனால் ப்ளஸ் மைனஸ் தெரிந்த ஆள்தான் அதைச் செய்ய வேண்டும். எங்களுக்கு ஒரு தடவைதான் அப்படி ஆனது. அதிலிருந்து மாசம் ஒருமுறை அரை மணி நேரமாவது லோடோடு ஓட்டிவிடுகிறோம். லோடோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெறுமனே மணிக்கணக்கில் ஓடும் டீசல் எஞ்சினில் கரி படியும், சைலன்சரில் எண்ணெய் கசியும்.

எஞ்சின் சூடு இன்னொரு கவலை. கோழி ஷெட்டில் தரையில் போடும் தேங்காய் நார்த்தூளும் இறகுத் தூசியும் காற்றில் வந்து ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ளும். வயலில் என்றால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், இங்கே ஒரே இடத்தில் நின்று அதையே உறிஞ்சுகிறது. ஒரு சித்திரை மாசம் டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் நின்ற பிறகு, வண்டியை ஷெட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, காற்று அடிக்கும் திசையைப் பார்த்து நிறுத்துகிறோம். புகை ஷெட்டுக்குள் போகாது, சைலன்சர் தீப்பொறி நார்த்தூளில் விழாது. மூடிய கொட்டகைக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாடை இல்லாதது, ஆளையே கொன்றுவிடும்.

டீசல் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். புரூடர் லோடு மூன்று கிலோவாட்டுக்கு எங்கள் வண்டி மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் குடிக்கிறது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற நாளில் ஒரு யூனிட் கரண்டுக்கு அறுபது ரூபாய் ஆகிறது. மாசத்தில் பத்து மணி நேரம் என்றால் தாங்கலாம், குஞ்சு பிழைத்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. தினமும் நாலு மணி நேரம் தேவைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் லோடுக்கு ஏற்ற சின்ன ஜெனரேட்டர் தனியாக வாங்குவதே நல்லது. உழவு நாளில் வண்டி வயலில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் குஞ்சு இறக்கும் முதல் பத்து நாள் டிராக்டரை வாடகை உழவுக்கு விடுவதில்லை. டேங்க்கையும் பாதிக்குக் கீழே விடுவதில்லை, டீசல் தீர்ந்து காற்று ஏறிவிட்டால் ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பம்ப்பில் காற்று எடுத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

போன ஆடிக் காற்றில் எங்கள் லைனில் தென்னை மட்டை விழுந்து ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது, குஞ்சு இறக்கி மூன்றாம் நாள். எழுந்து, வண்டியைப் போட்டு, பல்பு எரிய எட்டு நிமிஷம் ஆனது. அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கட்டிலைக் கொண்டுவந்து போர்டுக்கு எதிரே போட்டுப் படுத்துக்கொண்டார். இரண்டு மணி வாக்கில் நான் எழுந்து போனபோது, "நாற்பத்தொன்பதரை நிக்குது, போய்ப் படு" என்றார். விடிந்ததும் ஒயர்மேன் அண்ணன் வந்தார், கம்பத்துக்குப் போகும் முன் நேராக எங்கள் போர்டுக்குத்தான் வந்தார், "தம்பி, மொதல்ல சேஞ்ச் ஓவரைக் காட்டுங்க" என்று கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தானே பார்த்துவிட்டு, டிராக்டரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் ஏணியை எடுத்தார். அந்த இருபது நிமிஷத்துக்குக் குஞ்சுகளுக்குக் கரி அடுப்பு வைத்துச் சமாளித்தோம்.